தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ

பொழுது புலர்வதற்கு முன்பே கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் சலவைச்சாலைப் பெண்கள் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிகளில் இறங்குவார்கள். இறங்குவார்கள் என்றதும் ஏதோ குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முட்டிவரை குளிர்ந்த தண்ணீர், நகக்கண்ணைத் தின்னும் சோடா, தலைக்கு மேலே ஆவி. கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் மரத்துப்போய், அவை வேறு யாருடையவையோ என்றிருக்கும்.

ரயிலில் வந்து இறங்கும் மூட்டைகளில் எல்லாம் ஒரே துணிதான். போர்முனையிலிருந்து வரும் கரும்பச்சைச் சட்டைகள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் அழுக்கு சீக்கிரம் போகட்டும் என்று முதல் நாள் வெந்நீரைக் கொட்டிவிடுவார்கள். சூடு பட்டால் ரத்தம் துணியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. முதலில் குளிர்ந்த தண்ணீர், மறுபடியும் குளிர்ந்த தண்ணீர், அதற்கப்புறம்தான் சோப்பு. அந்த முதல் தண்ணீர் வாய்க்கால் வழியே வெளியே போய் ஸ்டேஷன் ரோட்டோரமாக ஓடும். பத்திரிகையில் தினமும் வெற்றிச் செய்தி. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் வாய்க்காலைக் குனிந்து பார்க்காமல் தாண்டிப் போவார்கள். இந்தப் போர் யாருக்கும் வேண்டாம் என்று ஊருக்கே தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

துவைத்த சட்டைகளைப் பின்கொட்டகையில் வரிசை வரிசையாகக் கம்பியில் மாட்டுவார்கள். ஈரம் காயக் காய முழங்கை மடிப்புகள் எழுந்து நிற்கும். ஒருவன் எப்படிக் கையை மடக்கி மடக்கி நடமாடினானோ அப்படியே. குறுக்கே போக வேண்டுமானால் சட்டைகளை விலக்கித்தான் போக வேண்டும். ஒருநாள் ஒருத்தி விளையாட்டாக, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்று ஒரு சட்டையிடம் சொல்லிவிட்டு விலக்கினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் இன்னொருத்தி சொன்னாள். அப்படியே பழக்கமாகிவிட்டது. சிரிப்பு எப்போது நின்றதென்று யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது அந்தக் கொட்டகைக்குள் நுழைகிற எவளும் அதைச் சொல்லாமல் ஒரு சட்டையையும் தொடமாட்டாள். சொல்லாமல் விலக்கினால் சட்டை பின்னாலேயே வந்து முதுகைத் தொடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆவியிலும் அரையிருட்டிலும் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு அதை நம்பாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

கொட்டகை வாசலை ஒட்டினாற்போலத் தையல் மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவள்தான் இழையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. துணியின் ஓட்டையில் இழைமேல் இழையாக நூலோட்டி மூடுகிற அவள் கையைப் பார்த்து, பாய்லர் மாமா வைத்த பெயர் அது. பாய்லர் மாமா என்பவர் கொதிகலனுக்குக் கரி போடுகிறவர். ஊரில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதை முடிவுசெய்யும் அதிகாரமும் அவருக்குத்தான். எதிரே உட்கார்ந்து பித்தான் தைக்கும் இளம்பெண்ணுக்குச் 'சிரிப்பி' என்று அவர் பெயர் வைத்தது அவள் வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில். அவள் கணவன் போர்முனையில் இருக்கிறான். அவனிடமிருந்து கடிதம் வருவது நின்று போனதிலிருந்து அவள் சிரிக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஓட்டை இருந்த இடம் தெரியக்கூடாது. தையல் மேசைக்கு முதலாளி போட்ட ஒரே சட்டம் அது. கந்தலாகக் கிழிந்தவை தரை துடைக்கப் போகும். சின்ன ஓட்டை விழுந்தவற்றை மூடி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மேலே ஒரு காகிதப் பட்டை சுற்றிவிட்டால் புதுச் சட்டை. அது ஊர் எல்லையில் இருக்கும் பயிற்சி முகாமுக்குப் போகும். புதிதாகப் பிடித்து வரப்பட்ட பையன்கள் போட்டுக்கொள்வார்கள். அதிகாரிகள் வரும்போதெல்லாம் முதலாளி இழையக்கா தைத்த சட்டை ஒன்றை விரித்துக் காட்டி, "எங்கே ஓட்டைன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!" என்று சவால் விடுவார். அவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். இழையக்காவுக்கு அப்போதெல்லாம் தலை ஒரு சாண் உயர்ந்ததுபோல் இருக்கும். வெளிப்பக்கம்தான் அப்படி. உள்பக்கம் திருப்பினால் நூல் முடிச்சும் பிசிறுமாகத் தழும்பு மாதிரி தடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் சட்டையை உள்பக்கம் திருப்பி யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பெருமையெல்லாம் அவள் மகனைப் பிடித்துக்கொண்டு போகிறவரைதான். பூட்டு ரிப்பேர் பார்க்கிறவன், இருபது வயது. திறக்காத பூட்டு எதுவும் கிடையாது என்று பீற்றிக்கொள்வான். அவனை முகாமுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் இழையக்கா ஒரு சட்டையைக் கையிலெடுத்தால் ஊசியைத் தொடுவதற்கு முன் அந்த ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். மறுபக்கம் விரல் நுனி தெரியும். முன்னால் ஒன்று, அதற்கு நேர் பின்னால் ஒன்று. ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

தவறு நடந்தது ஓர் அதிகாலையில். குண்டு விமானங்கள் வரும் என்று பயமுறுத்தி ஊர் முழுக்க விளக்குகளுக்கு நீலச் சாயம் பூசச் சொல்லியிருந்தார்கள். சலவைச்சாலைக்குள்ளும் நீல பல்புகள்தான். வழக்கமாகத் தையல் மேசைக்கு விடிந்த பிறகுதான் வேலை. அன்று முகாம் லாரி இருட்டோடு வந்து நின்றது. சட்டைகள் உடனே வேண்டுமாம்.

"இந்த வெளிச்சத்துல எப்படிக்கா தைப்பீங்க?" என்று சிரிப்பி கேட்டாள்.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் தைப்பேன் போடி" என்றாள் இழையக்கா.

அந்த வாய்க்கொழுப்புதான் வினையாக முடிந்தது. தட்டில் இரண்டு நூல்கண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று சட்டைக்கான கரும்பச்சை. மற்றது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளின் மூலையில் அடையாளம் போடுகிற சிவப்பு. நீல வெளிச்சத்தில் இரண்டுமே கறுப்பு. கைக்கு வந்ததை எடுத்து ஊசியில் கோத்து, மூட்டை முழுவதையும் தைத்து முடித்தாள். இஸ்திரிக்காரிகளும் அதே வெளிச்சத்தில்தான் தேய்த்தார்கள். லாரி போய்விட்டது. விடிந்து ஜன்னல் வழியே வெயில் விழுந்தபோது இழையக்கா தன் மடியைக் குனிந்து பார்த்தாள். மடியெல்லாம் சிவப்புப் பிசிறு. கையிலிருந்த கண்டு முக்கால்வாசி இளைத்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் பிசிறைப் பொறுக்கிச் சுருட்டி வாய்க்காலில் போட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முகாமின் கம்பி வேலிக்கு வெளியே தாய்மார்கள் கூட்டம். மகன் தலையை மொட்டையடித்துக் காது மட்டும் பெரிதாகத் தெரிய வந்து நின்றான்.

"என்னம்மா, ரொம்பக் கறுத்துட்டே. ஆவியில வேகறியா, கருகறியா?"

"உன் மண்டையை விடவா? கண்ணு கூசுதுடா" என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ம்மா, இங்க ஒரு கூத்து நடந்துச்சு. புதுச் சட்டைன்னு குடுத்தாங்க. பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணுலயும் செகப்பு நூல்ல வட்டமா தைச்சிருக்கு. ஏதோ படைக்கான அடையாளம்னு நெனச்சோம். ஒருத்தனுக்கு நெஞ்சுல, ஒருத்தனுக்கு வயித்துல, ஒருத்தனுக்குக் கழுத்துக்கிட்ட. அடையாளம்னா ஒரே எடத்துலதானே இருக்கணும்? அப்புறம் என் பக்கத்துக் கட்டில்காரன் பின்னாடி திருப்பிப் பார்த்தான். முதுகுலயும் அதே எடத்துல ஒரு வட்டம்."

இழையக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் திருப்பிப் பார்த்தாங்கம்மா. அவன் அந்தச் சட்டையைக் கட்டில் மேல விரிச்சு வச்சுட்டு ராத்திரி முழுக்கத் தரையில உட்கார்ந்திருந்தான். தொட மாட்டேன்னுட்டான். காலையில அதிகாரி வந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போயிட்டார்." தன் சட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். "நல்லவேளை, என்னது வேற மூட்டை. இதுல ஒண்ணும் இல்ல."

"தூசி பாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் வேலிக்குள் கைவிட்டு அவன் மார்பைத் தட்டிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாததை அவள் விரல் கண்டுபிடித்துவிடும். இடது பக்கம், பைக்குச் சற்று மேலே, துணி ஓர் இம்மியளவு தடித்திருந்தது. ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே. தன் கையெழுத்தை யாருக்குத் தெரியாது? விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மகன் அந்த விரலைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அங்க இருக்காம்மா?"

"இல்லடா. நூல் பிசிறு."

அவன் நம்பினான். அம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? திரும்பிப் போகும்போது கையசைத்தான். வீடுவரைக்கும் அவள் அந்த விரலை மடக்கியே வைத்துக்கொண்டு நடந்தாள். உலகத்திலேயே தன்னைவிடக் கேடுகெட்டவள் கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கையால் இதே பொய்யைச் சொல்லியிருக்கிறாள்! வாயால்கூட இல்லை, நூலால்.

*

திங்கட்கிழமை சிவப்பு வட்டம் போட்ட சட்டைகள் மூட்டையாகத் திரும்பி வந்தன. பின்னாலேயே முதலாளியும் வந்தார். அவர் எந்தப் போரிலும் கால் வைத்ததில்லை. ஆனால் இந்தப் போரில் அவருக்குக் கிடைத்தது எந்தத் தளபதிக்கும் கிடைத்திருக்காது. அவர் வீடு இரண்டு மாடி உயர்ந்துவிட்டது. போர்க்காலம் என்று சொல்லிப் பெண்களின் கூலியை இரண்டு முறை குறைத்தும் விட்டார். பல்குத்தும் குச்சியை வாயோரத்தில் வைத்துக்கொண்டே பேசுவது அவர் வழக்கம்.

"யார் கை இது?" ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொட்டிகளில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டா பதில் சொல்ல மாட்டீங்களா? தேசத்துரோகம்னா என்னன்னு தெரியுமா?"

"முதலாளி" என்று பாய்லர் மாமா கரி அள்ளும் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஓட்டையைப் போட்டவன் யாருன்னு கேக்காம, தைச்சவளைக் கேக்கறீங்களே?"

"உன் வேலையைப் பாருய்யா!" என்று சீறிவிட்டு முதலாளி இழையக்காவைப் பார்த்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவு நெருக்கமாக நூலோட்ட அந்தச் சலவைச்சாலையில் வேறு கை கிடையாது. "நீ மட்டும் உள்ள வா" என்றார்.

அறைக்குள் போனதும் குரல் பாகாய் உருகியது. "தவறுதலா நடந்திருக்கும். எனக்குத் தெரியாதா? உட்காரும்மா."

அவள் உட்காரவில்லை.

"உன் பையன் முகாம்லதானே இருக்கான்? புதன்கிழமை காலையில எல்லாரையும் ரயிலேத்தறாங்க. அங்க சாமான் கிடங்குக்கு ஒரு ஆள் வேணுமாம். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உன் பையன் இங்கேயே கிடங்குல இருந்துடுவான். பூட்டு சாவி விவரம் தெரிஞ்ச பையனாமே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் என்ன செய்யணும்?"

"செகப்பு நூலை எல்லாம் பிரிச்சு, எப்பவும் போல ஓட்டை தெரியாமத் தைச்சுக் குடு. ரயிலுக்கு முன்னாடி அவங்க கைக்குப் போகணும். வெளியில வாயைத் திறக்கக் கூடாது. மத்த பொம்பளைங்களையும் நீதான் அடக்கி வைக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! அவள் மேசைக்குத் திரும்பி வந்து முதல் சட்டையை எடுத்து, கத்திரிக்கோல் முனையால் சிவப்பு நூலைப் பிரித்தாள். ஒவ்வொரு இழையாக விட்டுக்கொடுத்து ஓட்டை மறுபடி வாயைத் திறந்தது. பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு எந்தத் தாய்தான் யோசிப்பாள்? அவளும் யோசிக்கவில்லை. மகன் கிடங்கு வாசலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தாள். நிம்மதியாக இருந்தது. பச்சை நூலைக் கோத்தாள். பழக்கப்படி ஓட்டைக்குள் விரலை விட்டாள். மறுபக்கம் நுனி தெரிந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. கிடங்கில் மகன் உட்கார்ந்தால் அவன் இடத்தில் ரயிலேறப் போகிறவன் எவனோ, அவன் மார்புக்கு நேரே தன் விரல் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கொட்டகையில் தொங்கிய சட்டைகளில் ஒன்று காற்றில்லாமலே அசைந்தது. அவள் பயந்து போய்க் கத்திரிக்கோலைக் கீழே போட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கொதிகலன் பக்கம் சூட்டுக்காக ஒட்டி உட்கார்ந்திருந்தபோது அவளால் அடக்க முடியவில்லை. நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். நூல் மாறிப்போனது, மகனிடம் சொன்ன பொய், முதலாளி போட்ட தூண்டில், ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும் திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

சிரிப்பிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒத்துக்கோங்கக்கா."

"என்னடி சொல்றே?"

"நானா இருந்தா ஒத்துக்குவேன். அவரைக் காப்பாத்தித் தர்றேன்னு யாராவது சொல்லியிருந்தா என்ன சொன்னாலும் செஞ்சிருப்பேன். உங்க பையனாவது நல்லா இருக்கட்டும். நாங்க வாயைத் திறக்கல."

"ஆமாம்மா" என்றார் பாய்லர் மாமா, தணலைப் பார்த்தபடி. அவருடைய ஒரே மகன் போன குளிர்காலத்தில் ஒரு தந்தியாக வீட்டுக்கு வந்தான். "ஒண்ணாவது மிஞ்சட்டும்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வேண்டாம் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் இழையக்கா சண்டை பிடித்திருப்பாள், முதலாளி சொன்னதைச் செய்துவிட்டும் போயிருப்பாள். அவர்கள் இப்படி வாரிக் கொடுத்ததுதான் அவளை உடைத்துவிட்டது. வாய்விட்டு அழுதாள். சிரிப்பியின் சிவந்து வெடித்த கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய், பிரித்துப் போட்ட அந்தச் சட்டையை எடுத்தாள். ஊசியிலிருந்த பச்சை நூலை உருவிவிட்டுச் சிவப்பைக் கோத்தாள். இந்தத் தடவை பட்டப்பகல். எந்த நூல் எதுவென்று நன்றாகவே தெரிந்தது.

"அக்கா, உங்க பையன்..." என்றாள் சிரிப்பி.

"அவனும் இதுல ஒருத்தன்தானேடி" என்றாள் இழையக்கா. "நீயும் ஒரு ஊசி எடு."

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தபோது அவருடைய பல்குச்சி வாயிலிருந்து விழுந்துவிட்டது. பழைய சட்டைகளில் மட்டுமல்ல, புதிதாக வந்த மூட்டையிலும் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சிவப்பு வட்டம்.

"என்ன, திமிரா?"

"இல்ல முதலாளி" என்றாள் இழையக்கா. "ஓட்டை இருக்கிற எடத்துல ஓட்டைன்னு தைக்கிறோம். போட்டுக்கிறவனுக்குத் தெரியணும்ல?"

"உன் பையன் நாளைக்கு முதல் பெட்டியில ஏறுவான். நினைச்சுக்கோ."

அவள் முகம் வெளிறிப்போனது. பக்கத்தில் நின்ற சிரிப்பி அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா மூட்டையையும் லாரியில ஏத்துங்கடா! வேற இடத்துல தைச்சுக்கிறேன்!" என்று கத்தினார் முதலாளி. சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் மூட்டைகளைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டார்கள். யார் முதலில் தள்ளியது என்று இன்றுவரை தெரியாது. கஞ்சியும் இஸ்திரியும் போன இடம் தெரியவில்லை.

வாசலில் காத்திருந்த லாரிக்காரன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஈரத் துணி ஏத்த மாட்டேன் சார். பலகை இத்துப்போகும்." அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

முதலாளி பல்லைக் கடித்தார். "எல்லாத்தையும் காயவச்சுக் குடுத்துட்டு வெளியில போங்க. நாளையிலேருந்து ஒருத்திக்கும் இங்க வேலை கிடையாது."

"காயவைக்கணும். அவ்வளவுதானே முதலாளி?" என்று பாய்லர் மாமா பவ்வியமாகக் கேட்டார்.

*

புதன்கிழமை விடிந்ததும் அவர்கள் காயவைத்தார்கள். பின்கொட்டகையில் அல்ல.

சலவைச்சாலையின் ஜன்னல் கம்பியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, ஸ்டேஷன் ரோட்டின் குறுக்கே இழுத்தார்கள். எதிர்ப்பக்கம் செருப்புக் கடை. கடைக்காரர் இத்தனை காலமும் வாய்க்காலைக் குனிந்து பார்க்காதவர்களில் ஒருவர். பாய்லர் மாமா கயிற்று முனையோடு நின்றதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் அதை வாங்கித் தன் கடைத் தூணில் தானே முடிச்சுப் போட்டார். ஒரு கயிறு, அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. ஈரச் சட்டைகளைத் தோளைப் பிடித்து மாட்டினார்கள். காற்று வீசியதும் சட்டைகள் நெஞ்சை நிமிர்த்தின. சிவப்பு வட்டங்கள் தெருவைப் பார்த்தன. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, ஒரு சட்டையின் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பிறகு இன்னொருத்தி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். யாரும் கோஷம் போடவில்லை. ஈரம் சொட்டும் சத்தம்தான்.

முரசுச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு பையன்கள் வந்தார்கள், நாலு நாலு பேராக, காகிதப் பட்டை பிரித்த புதுச் சட்டைகளில். முதல் வரிசை கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றது. சட்டைக்கு முன்னால் சட்டை. ஒரு பையன் சட்டையை விலக்குவதற்காகக் கையைத் தூக்கினான். எதிரே இருந்த சட்டையின் மார்பில் சிவப்பு வட்டத்தைப் பார்த்தான். தூக்கிய கை அப்படியே நின்றது.

"என்ன அங்க? நடங்கடா!" பின்னாலிருந்து அதிகாரி கத்தினார்.

பையன் கையை இறக்கினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்து மெதுவாக, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெண்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை நாளாகத் தொங்கும் சட்டைகளிடம் அவர்கள் கேட்ட கேள்வி! இப்போது சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் அவர்களைக் கேட்கிறது.

சிரிப்பி முன்னால் வந்தாள். "தள்ளிக்க மாட்டோம்பா" என்றாள். "செத்தவங்ககிட்ட வழி கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போச்சு. உங்களுக்கு உசிரு இருக்கு. உங்களுக்கு வழி விட மாட்டோம்."

அப்போதுதான் இழையக்கா மகனைக் கண்டாள். முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார்; முதல் வரிசையின் ஓரத்திலேயே நின்றிருந்தான். காதுகள் வெயிலில் சிவந்திருந்தன. அவள் சட்டைகளுக்கு நடுவே புகுந்து அவனுக்கு எதிரே போனாள். எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. ஒருவேளை அது தைரியமே இல்லை, இனியும் பொய்யைச் சுமக்க முடியாத பாரமாக இருக்கலாம்.

"உன் சட்டையிலயும் இருக்குடா" என்றாள்.

"பிசிறுன்னு சொன்னியேம்மா?"

"பொய் சொன்னேன். என் கையாலதான் மூடினேன். தெரியாம மூடிட்டேன்டா, ராசா." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்: "எல்லார் சட்டையிலயும் இருக்கு! வெளியில தெரியாது. உள்பக்கம் திருப்பிப் பாருங்கப்பா!"

மகன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பித்தான்களைக் கழற்றினான். சட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பினான். பைக்குச் சற்று மேலே, நூல் முடிச்சும் பிசிறுமாக, ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தழும்பு. முதுகுப் பக்கம் பார்த்தான். அங்கேயும் இருந்தது. திருப்பிய சட்டையை அப்படியே, உள்பக்கம் வெளியே தெரிய, மறுபடி போட்டுக்கொண்டு பித்தானைப் பூட்டினான்.

பக்கத்திலிருந்தவன் கழற்றினான். அவனுக்கு அடுத்தவன். "டேய், எனக்கு ரெண்டு இருக்குடா" என்று எவனோ சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைகளில் கைகள் பித்தானுக்குப் போயின. எல்லாரும் அல்ல. சிலர் பித்தானைப் பிடித்தபடி அதிகாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதிகாரி கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முரசு நின்றுவிட்டது. ஸ்டேஷனில் ரயில் கூவியது, மறுபடியும் கூவியது. தெருமுனையில் போலீஸ் லாரிகள் வந்து நிற்பதும், தடிகளோடு ஆட்கள் குதிப்பதும் தெரிந்தன.

பாய்லர் மாமா கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் செருப்புக் கடைக்காரரின் கையைப் பிடித்தார். அவர் வாத்தியாரின் கையைப் பிடித்தார். சிரிப்பி, இஸ்திரிக்காரிகள், மாடியிலிருந்து இறங்கி வந்த பெண்கள், யார் கை யாருடையது என்று தெரியாமல் தெரு முழுக்கக் கோத்துக்கொண்டார்கள். சட்டைகளும் அவர்களுக்கு நடுவே நின்றன.

"பயமா இருக்கும்மா" என்றான் மகன்.

"எனக்கும்தான்டா" என்றாள் இழையக்கா. "நகராதே."

அவள் கையை நீட்டி அவன் மார்பில் அந்தத் தழும்பின்மேல் சுட்டுவிரலை வைத்தாள். அதற்குக் கீழே அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் விரலை எடுக்கவில்லை.